நாலு வயசுப் பிள்ளைக்கு முதலில் எந்த வேலையைக் கொடுப்பது?

காலை எட்டு பத்து. எட்டு இருபதுக்குத் தெருமுனையில் வேன் வந்து நின்றுவிடும். மகன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிறான், ஒட்டுகிறான், மறுபடியும் பிரிக்கிறான். "நானே போட்டுக்கிறேம்மா." நான் குனிந்து இரண்டு ஷூவையும் மாட்டி, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேனைப் பிடித்துவிட்டோம். அவன் ஏறும்வரை அழுதான். மறுநாள் காலையில் ஷூவை அவன் தொடவே இல்லை. படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

நீட்டிய அந்தக் கால் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்கு அப்போது நாலு வயது முடிந்து மூன்று மாதம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அவள் சின்னவளாக இருந்தபோது எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன். ஒன்றாம் வகுப்பு போன முதல் வாரத்தில் டிபன் டப்பாவின் இறுகிய மூடியைத் திறக்கத் தெரியாமல், டீச்சரிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பசியில் வாடிய அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே மகன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க நினைத்தேன். பொறுமையும், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் பிள்ளைக்கு வரவேண்டும் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்பதில்தான் தடுமாறுகிறோம். உடுத்துவதா, தானே சாப்பிடுவதா, அடுப்படியில் கூடமாட ஒத்தாசை செய்வதா, செடி வளர்ப்பதா, கடைக்குப் போவதா, காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுச் சாமானா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். கூட மாமியார் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்க இந்த வீட்டில் நேரம் கிடையாது. மார்கழியிலிருந்து பங்குனிவரை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

எதை வைத்து எடை போட்டேன்

பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசும்போது வயதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பட்டியல்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் பட்டியல், நாலில் மூன்று பிள்ளைகளாவது அந்தந்த வயதில் செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்துகிறது. 2 வயதில் ஸ்பூனால் சாப்பிடுவது, 3 வயதில் சில உடைகளைத் தானே போட்டுக்கொள்வது, 4 வயதில் பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கத் தானே பரிமாறிக்கொள்வது அல்லது தண்ணீர் ஊற்றிக்கொள்வது, சில பட்டன்களைக் கழற்றுவது. பட்டன் போடுவது 5 வயதில்தான் வருகிறது. உதவியான பட்டியல்தான். ஆனால் என் மகனால் ஷூ போட முடிந்தது, போடவும் ஆசைப்பட்டான். எட்டு பத்துக்கு என்னால் காத்திருக்க முடியவில்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

அதனால் வயதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூன்று கேள்விகளை முன்னால் வைத்துக்கொண்டேன். தப்பாகப் போனால் என்ன நஷ்டம்? வேலை முடிந்ததா இல்லையா என்று நான் சொல்லாமலே அவனுக்குத் தெரியுமா? அந்த நேரத்தில் என் கை குறுக்கே பாயாமல் சும்மா இருக்குமா? மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜூலியா லெனார்டும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கடினமான புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். சில பிள்ளைகளிடமிருந்து பெரியவர் அதை வாங்கித் தாமே முடித்துவிட்டார். மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் வழியைச் சொல்லிக்கொடுத்து விட்டுவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் திறக்கவே முடியாத ஒரு பெட்டி. எந்தப் பிள்ளைகளின் புதிரைப் பெரியவர் வாங்கி முடித்தாரோ, அந்தப் பிள்ளைகள் பெட்டியைச் சீக்கிரமே கைவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு வாசற்படியும் நீட்டிய காலும்தான் கண்ணில் வந்தன. பிள்ளையின் பொறுமையைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். நம் கை பாய்ந்து பறிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பிடி குறைகிறது.

உடுத்துவதும் ஷூவும்

வேலை நல்ல வேலை. பட்டன் துளைக்குள் போனதா இல்லையா என்று பிள்ளைக்கே தெரியும். சட்டை கோணலாக நின்றால் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். தப்பினால் பெரிய நஷ்டமும் இல்லை. பொழுதுதான் பொருந்தவில்லை. பள்ளி நாள் காலையில் எந்த அம்மாவின் கையும் சும்மா இருக்காது. யூனிபார்ம் சட்டையின் பட்டனோ சின்னது, புதுத்துணியில் துளை விறைப்பாக வேறு இருக்கும். பெரியவர்களுக்கே நகம் வலிக்கும்.

அதனால் இதைப் பள்ளி நாள் காலையிலிருந்து எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அப்பாவின் பழைய சட்டையைத் தரையில் விரித்து, பட்டனை முக்கால்வாசி துளைக்குள் நானே நுழைத்துவிட்டு, இழுத்து முடிப்பதை மட்டும் அவனுக்கு விட்டேன். கடைசிப் படியை முதலில் கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையில் முடிகிறது. அந்தப் படி கை வந்த பிறகு அதற்கு முந்தின படி.

துணியைக் கீழே விரித்துவைத்துப் பட்டன் பழகுவது நம் ஊருக்குப் புதிதில்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில், பட்டனும் கொக்கியும் நாடாவும் தைத்த மரச்சட்டங்கள் பயிற்சிச் சாமான்களாக இருக்கின்றன. உடம்பில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துத் திணறுவதைவிட, மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் பழகுவது பிள்ளைக்கு எளிது. அவர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். சென்னையில் இன்றைக்கும் மாண்டிசோரி பள்ளிகள் இத்தனை இருப்பதற்கு அந்த வருகை ஒரு முக்கியமான காரணம். அந்தச் சட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய சட்டையே போதும்.

என் முடிவு: கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான், ஆனால் முதல் வேலையாக இல்லை. அதுவரை காலை நேரத்தில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையும், மாட்டினால் போதும் என்கிற செருப்பும் பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது.

தானே சாப்பிடுவது

இதைப் பேசும்போது நம் வீடுகளில் மனம் நோகும் ஆட்கள் இருக்கிறார்கள். என் மாமியார் ஊட்டுவதில் கெட்டிக்காரர். பேரன் வாயைத் திறக்கும் கணத்துக்குச் சரியாக உருண்டை பிடித்து வைத்திருப்பார். நான் தட்டை அவன் முன்னால் வைத்துத் தள்ளி உட்கார்ந்தபோது, "பிள்ளை சிந்திட்டு அரைவயித்தோட படுக்கப் போறான், எனக்குப் பார்க்கச் சகிக்கலம்மா" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் பத்து நாள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டான். எடை குறைந்த பிள்ளை, காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை என்றால் இதை அந்தச் சமயத்தில் தொடங்கக்கூடாது. முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊட்டுவதை நான் குற்றம் சொல்லவில்லை. மொட்டைமாடியில் நிலாச்சோறு உருட்டிக் கையில் வைத்தது எங்கள் அம்மாச்சி. அந்தக் கை இல்லாமல் நான் வளரவில்லை. என் பயமெல்லாம் செல்போன் பற்றித்தான். போனைக் காட்டி ஊட்டும்போது பிள்ளைக்குத் தான் சாப்பிடுவதே தெரிவதில்லை. பசி எப்போது ஆறியது, வாய் எப்போது நிறைந்தது, அடுத்த வாய்க்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று எதையும் அது உணர்வதில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும் 2 முதல் 5 வயதுவரை நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. மூன்று வேளையும் போனோடு சாப்பிடும் பிள்ளைக்கு அந்த 1 மணி நேரம் தட்டின் முன்னாலேயே தீர்ந்துபோகும்.

மூன்று கேள்விகளில் இது நன்றாகவே தேறுகிறது. சிந்தினால் துடைக்கலாம். வயிறு நிறைந்ததா என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். மூன்றாவது கேள்வி வேளையைப் பொறுத்தது. காலையில் முடியாது. ராத்திரி முடியும், நாங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால். எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் கை பரபரக்கும். நம் தட்டில் நாம் கை வைத்திருந்தால் அது அங்கேயே இருக்கும்.

பண்டத்திலும் வரிசை உண்டு. இட்லியில் தொடங்குவது சுலபம். பிட்டால் பிட்டபடி வரும், சட்னியில் தொட்டாலும் உதிராது. அடுத்து தோசை. ஒரு கையால் அழுத்திக்கொண்டு அதே கை விரலால் கிழிப்பது பிள்ளைக்குப் பெரிய வித்தை, எங்கள் வீட்டில் மூன்று வாரம் பிடித்தது. பிறகு பருப்புச்சாதம், தயிர்சாதம். ரசஞ்சோறு எல்லாவற்றுக்கும் கடைசியில். மாமியாரோடு ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டோம்: கடைசி மூன்று உருண்டை அப்பத்தா கையால்தான். அவன் தன் பங்கை முடித்துவிட்டு அந்த மூன்றுக்காகக் காத்திருப்பான். அவரும் எழுந்து போவதில்லை.

அடுப்படி வேலை

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். முதலில் தொடங்கியிருக்க வேண்டியதும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் இது தற்செயலாகத்தான் தொடங்கியது. தை மாதம், மொச்சை வரத்து. மாமியார் முறத்தில் காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காயை எடுத்து முனையைக் கிள்ளி, நாரை இழுத்து, பிளந்து காட்டிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அவன் ஏழெட்டுக் காய் உரித்திருந்தான். அவன் காய்களில் பாதி நசுங்கியிருந்தது. நான் எந்தப் பொம்மையோடும் அவனை அரை மணி நேரம் ஓரிடத்தில் பார்த்ததில்லை.

அவர் கை ஏன் அவனிடமிருந்து காயைப் பறிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அவர் கையில் வேறு காய் இருந்தது. பெரியவருக்குத் தம் வேலை, பிள்ளைக்குத் தன் வேலை. கற்றுக்கொடுக்கிறேன் என்று யாரும் எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. பொறுமையாக இரு என்று என்னை நானே அடக்கிக்கொள்ளும் பாடு அங்கே தேவைப்படவே இல்லை. மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு லேசாகப் பதில் சொன்ன வேலை வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு உதவி செய்யும் ஆசை நாம் ஊட்டி வருவதில்லை. ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தோமசெல்லோவும் 2006இல் காட்டியதுபோல, 18 மாதக் குழந்தைகளே ஆள் தவறவிட்ட பொருளை எடுத்துக்கொடுக்கவும், இரு கையும் நிறைந்திருப்பவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிடவும் தாமாகவே போகின்றன. "போய் விளையாடு, இங்கே காலுக்குள்ள வராதே" என்று நாம்தான் அந்த ஆசையைத் திருப்பி அனுப்புகிறோம். ஏழு வயதில் கூப்பிட்டால் வரவில்லை என்று அப்புறம் வருத்தப்படுகிறோம்.

இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். பெட்டினா லாமும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்டது. தின்பண்டத்தை முன்னால் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாக நாலு வயதுப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். கேமரூன் நாட்டின் ன்சோ இனத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் காத்திருந்தார்கள். ஜெர்மானிய நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. ன்சோ மக்கள் விவசாயக் குடும்பத்தார். அங்கே பிள்ளைகள் சின்ன வயதிலேயே வீட்டு வேலையில் பங்கெடுக்கிறார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெரியவர்களின் கண்டிப்பும் அங்கே அதிகம், அந்தக் கண்டிப்பை நான் என் வீட்டுக்குக் கேட்கவில்லை. வீட்டுக் காரியத்தில் பிள்ளைக்கும் ஓர் இடம் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

எந்தெந்த வேலை? கறிவேப்பிலை உருவுவது முதல் வாரத்துக்கு நல்லது. தப்பாகவே போகாது. முருங்கைக்கீரை ஆய்வது அதற்கு அடுத்தது. காம்பு சேர்ந்து வரும், பிறகு பொறுக்கிக்கொள்ளலாம். பூண்டை வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்துக் கொடுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். சின்ன வெங்காயம் மட்டும் வேண்டாம், கண் எரிந்து கையால் தேய்த்துக்கொள்வான். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் அவன் தேய்த்தது எந்த நாட்டு வரைபடமாக வந்தாலும் கல்லில் போட்டுச் சுட்டு அவன் தட்டிலேயே வைக்க வேண்டும். அதைச் சரிசெய்து வட்டமாக்கினால், படியில் ஷூவைப் பறித்த கதைதான். அடுப்பு, கத்தி, அரிவாள்மனை, மிக்சி நாலுக்கும் பக்கத்தில் இப்போது இடமில்லை. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் பட்டாணி, கொண்டைக்கடலை, மொச்சை எதையும் அதன் கையில் விட்டு எழுந்து போகக்கூடாது. மூக்கில் திணித்துக்கொள்ளும், தொண்டையில் இறங்கி மூச்சை அடைக்கும்.

மீதமுள்ளவை

செடி எனக்கு ரொம்பப் பிடித்த வழி, ஆனால் அதற்கு ஒரு வேலையின் எடை இல்லை. வெந்தயத்தைத் தொட்டியில் தூவினால் மூன்று நாலு நாளில் முளை தெரியும், மூன்று நாலு வாரத்தில் கீரை கிள்ளலாம். முளைப்பாரி போடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பின் இனிமை தெரியும். பிள்ளை இரண்டாம் நாளே மண்ணைத் தோண்டி விதையைப் பார்க்கும். பார்க்கட்டும், அதற்கென்று ஓரத்தில் நாலு விதை தனியாகப் போட்டுவிடலாம். நாள் கணக்கில் காத்திருக்க இது பழக்கும். ஆனால் தினமும் செய்வது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான். தக்காளியில் தொடங்கினால் பழம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், நாலு வயதுக்கு அது ரொம்ப நீளம்.

கடைக்கு அனுப்புவதை எங்கள் தலைமுறை ஐந்து வயதிலேயே செய்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் பைக் வரும் வேகத்துக்கு அது முடியாது. தப்பினால் என்ன நஷ்டம் என்ற முதல் கேள்வியிலேயே இது விழுந்துவிடுகிறது. ஆனால் கடைவாசலில் நான் நின்றுகொண்டு, அவன் உள்ளே போய் "அண்ணாச்சி, கால் கிலோ ரவை" என்று கேட்டு, காசு கொடுத்து, மிச்சம் வாங்கி வரும்வரை வாய் திறக்காமல் இருப்பதுண்டு. கூட்டத்தில் தன் முறை வரக் காத்திருப்பதும், தெரியாத ஆளிடம் வாய்திறந்து கேட்பதும் வேறெங்கும் இவ்வளவு நன்றாகக் கிடைக்காது. டிபன் டப்பா மூடிக்காகக் கேட்கக் கூச்சப்பட்ட மூத்தவளுக்கு இந்தப் பழக்கம் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

விளையாட்டுச் சாமான் என்றால், நான் புதிதாக எதுவும் வாங்கச் சொல்ல மாட்டேன். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். 14 குழியிலும் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே எதிராளி போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாலு வயதுக்குக் கடினமான காரியம். முழு ஆட்டத்தின் கணக்கு பிறகு வரட்டும், முதலில் போடுவதும் காத்திருப்பதும் போதும்.

நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் யோசனை சொல்வது அதைத்தான். நானும் ஒட்டினேன், பல் தேய்ப்பதற்கு. பத்து நாள் நன்றாக ஓடியது. ஸ்டிக்கர் தீர்ந்த அன்று தேய்க்க மாட்டேன் என்றான். 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைய ஆசைப்படும் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே மாதிரி ஒன்றைக் கண்டார்கள். பரிசு உண்டு என்று முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த பிள்ளைகளுக்குப் பிறகு, பரிசில்லாத நேரத்தில், வரையும் ஆசை குறைந்திருந்தது. பிள்ளைக்குத் துளியும் ஆசையில்லாத வேலைக்குக் கொஞ்ச நாள் ஸ்டிக்கர் உதவலாம். அவனே ஓடிவந்து உட்காரும் மொச்சை முறத்துக்கு அதை ஒட்டாதீர்கள்.

எந்த வேலையானாலும், சொன்ன நேரம்

பொறுமை என்றால் உடனே நினைவுக்கு வருவது, மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயை முன்னால் வைத்துக் காத்திருக்கச் சொல்லி உளவியலாளர் வால்டர் மிஷல் செய்த சோதனைதான். 1960களின் கடைசியிலும் 70களிலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் செய்தது. அதிகம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. 2018இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துபோனது. அதனால் மிட்டாயை வைத்துப் பிள்ளையைச் சோதித்துப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2013இல் செலஸ்ட் கிட் குழு வெளியிட்ட ஆய்வு. மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால், பிள்ளைகளிடம் "இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் சொல்லிப் போகிறார். சில பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். மற்றவர்களிடம் "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு திரும்புகிறார். சொன்னபடி கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மிட்டாய் முன்னால் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஏமாந்தவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? வராத பொருளுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை "அஞ்சு நிமிஷம் இரு" என்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எதுவும் ஐந்து நிமிடமாக இருக்கவில்லை. சில சமயம் இருபது, சில சமயம் மறந்தே போய்விடுகிறது. நாலு வயதுக்கு நிமிடமும் தெரியாது, ஏமாற்றம் மட்டும் தெரியும். அதனால் குக்கரைக் கடிகாரமாக்கிக்கொண்டோம். "மூணு விசில் வந்ததும் உன்கூட வந்து உட்காருவேன்." விசில் அவன் காதில் விழுகிறது, விரலை மடக்கி எண்ணிக்கொள்கிறான். மூன்றாவது விசிலுக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட வேண்டும், போன் அடித்தாலும் சரி. இதில் நான் தவறினால் மேலே சொன்ன எந்த வேலையும் பலன் கொடுக்காது என்று நம்புகிறேன்.

கை குறுக்கே போகாமல் இருக்க இன்னொன்றும் பழகிக்கொண்டேன். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டையால் பிரமிடு கட்டுவதைப் பார்த்து எழுதிய கட்டுரையில், ஆசிரியர் பிள்ளையைக் கூடியவரை தானே செய்யவிட்டு, முதலில் வாயால் சொல்லி, அது போதாதபோது மட்டும் கையால் காட்டுகிறார். சாரம் கட்டுவதை உவமையாகச் சொன்னார்கள். கட்டடம் தானே நின்றதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும் இல்லையா, அதுபோல. நான் இதை வீட்டில் இப்படி வைத்திருக்கிறேன்: அவன் "அம்மா" என்று கூப்பிடும்வரை வாயும் திறப்பதில்லை. கூப்பிட்டால் முதலில் ஒரு சொல், "மேலே பிடி" என்பதுபோல. அடுத்து என் கையில் வேறொன்றை எடுத்துச் செய்து காட்டுவது. அவன் கையிலிருக்கும் பொருளைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அழுகை வந்துவிட்டால் அன்றைக்கு அந்த வேலை போதும், அணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்கு எது

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அல்லது சாயங்காலம் அடுப்படியில் ஒரு மணி நேரம் நிதானமாகக் கிடைத்தால், யோசிக்காமல் காய்கறி முறத்தில் தொடங்குங்கள். இருவரும் வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பி ஆயத்தச் சாம்பாரும் கடை மாவுமாக ஓடும் வீடென்றால் அடுப்படி அவசரப்படும். அங்கே ராத்திரிச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது, எப்படியும் எல்லோரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சட்டென்று கோபப்பட்டுத் தூக்கி எறியும் பிள்ளைக்குப் பட்டனும் புதிரும் தள்ளிப்போகட்டும். கறிவேப்பிலை உருவுவது, மாவு பிசைவது போல தோற்கவே முடியாத வேலை முதலில். கூச்சப்படும் பிள்ளைக்குக் கடைவாசல். அப்பாமார் இதில் எங்கே என்று கேட்டால், எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கடைவாசலும் கணவருடைய பொறுப்பு. என்னைவிட அவர் கை அமைதியானது.

இப்போது மகன் இட்லியும் தோசையும் தானே சாப்பிடுகிறான். கீரை ஆய்கிறான். மொச்சை வரத்து முடிந்துவிட்டதால் மாமியார் துவரங்காய் கேட்டு வைத்திருக்கிறார். ஷூவை நாங்கள் இன்னும் அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மே மாதம் வேன் கிடையாது, எட்டு இருபதும் கிடையாது. அந்த மாதம் முழுக்கக் காலையில் வாசற்படியில் இரண்டு ஷூவும் யூனிபார்ம் சட்டையும் அவன் பக்கத்தில் இருக்கும். நான் முறத்தோடு எதிர்த்திண்ணையில் உட்காரப் போகிறேன்.